சம்பளம் வாங்காத ஸ்டார்: ஜே.பி.ஆர். வில்லியம்ஸ்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு ரக்பி பிளேயரப் பத்திப் பேசப்போறோம். ரக்பி தெரியாதேன்னு கவலைப்படாதீங்க. இது அந்த விளையாட்டுல இருந்த ஒரு ரூல் பத்தின கதை. ஆடுறதுக்குக் காசு வாங்கக் கூடாது. அதான் ரூல்.

வேல்ஸ் நாட்டுல பிரிட்ஜெண்ட்ங்கிற ஊர்ல, 1949-ல பிறந்தவர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். அப்பா, அம்மா ரெண்டு பேருமே டாக்டர். முதல்ல பெரிய ஆளா வந்தது டென்னிஸ்ல. 1966-ல விம்பிள்டன்ல நடந்த பிரிட்டிஷ் ஜூனியர் போட்டியில சாம்பியன். ஆனா 1968-ல டென்னிஸ் காசு வாங்குறவங்களுக்கும் திறந்து விட்டுச்சு. இனி அதுல மேல வரணும்னா முழுநேரமும் அதுதான். அவங்க அப்பாவுக்கோ பையன் டாக்டர் படிப்ப விட்டுடக் கூடாது. அதனால ரக்பி. அதுல காசு கிடையாது, அதனாலயே படிப்பையும் விட வேண்டாம். யோசிச்சுப் பாருங்க, சம்பளம் இல்லங்கிறதே ஒரு விளையாட்டத் தேர்ந்தெடுக்கக் காரணமா இருந்திருக்கு!

1969-ல வேல்ஸ் அணிக்குள்ள வந்தார். 1981 வரைக்கும் 55 மேட்ச். ஃபுல் பேக், அதாவது கடைசித் தடுப்பு. எதிரணி ஆள் எல்லாரையும் தாண்டி ஓடி வந்தா, நிறுத்த மிச்சமிருக்கிறது இவர் ஒருத்தர்தான். 1976-ல பிரான்ஸோட மேட்ச்ல, மூலையில பாய்ஞ்சு வந்தவரத் தோளாலயே இடிச்சு வெளிய தள்ளினது இன்னைக்கும் பேசப்படுது. இங்கிலாந்துகிட்ட இவர் ஆடின ஒரு மேட்ச்லகூட வேல்ஸ் தோத்ததில்ல.

1971-ல பிரிட்டன், அயர்லாந்து பிளேயர்ஸ் சேர்ந்த லயன்ஸ் அணி நியூசிலாந்து போச்சு. மூணு மாசத்துக்கு மேல டூர். கடைசி டெஸ்ட்ல வில்லியம்ஸ் ரொம்பத் தூரத்துல இருந்து ஒரு டிராப் கோல் அடிச்சார். பந்தத் தரையில விட்டு, அது எழும்பும்போது உதைச்சுக் கம்பங்களுக்கு நடுவுல அனுப்புறது. மேட்ச் 14-14 டிரா, தொடர் 2-1. நியூசிலாந்துல லயன்ஸ் ஜெயிச்ச ஒரே தொடர் அதுதான். அப்போ இவர் மெடிக்கல் ஸ்டூடண்ட்.

1978-ல பிரிட்ஜெண்ட் கிளப்புக்காக நியூசிலாந்து அணியோட ஆடுறப்போ, எதிரணி பூட்ஸ் முகத்தக் கிழிச்சிடுச்சு. தையல் போட்டது யார்? டாக்டரான அவங்க அப்பாதான். தையலோட திரும்பவும் மைதானத்துக்கு வந்துட்டார். பிறகு எலும்பு சர்ஜனா பல வருஷம் வேலை பார்த்தார். 2024-ல காலமானார்.

கேக்கவே அழகா இருக்குல்ல? பணத்துக்காக இல்லாம ஆசைக்காக ஆடின காலம்னு சொல்லத் தோணும். அங்கதான் நான் கொஞ்சம் நிப்பேன்.

இந்த ரூல் யாருக்கு வசதி? சனிக்கிழமை ஆடப் போனா அன்னைய கூலி போயிடும்னா, அது டாக்டர் வீட்டுக்குப் பெரிய அடி இல்ல. சுரங்கத் தொழிலாளிக்கு அது வீட்டுச் சாப்பாடு. வட இங்கிலாந்து கிளப்புகள் கேட்டது சம்பளம்கூட இல்ல, இழந்த கூலிக்கு ஈடு மட்டும்தான். அதுக்கும் மறுப்பு. 1895-ல ஹடர்ஸ்ஃபீல்டுல ஒரு ஹோட்டல்ல கூடி, தனியாப் பிரிஞ்சுட்டாங்க. அதுதான் பின்னாடி ரக்பி லீக் ஆச்சு. அங்க போய்க் காசு வாங்கின பிளேயர், பழைய ரக்பி யூனியனுக்குத் திரும்ப முடியாது. தடை.

வில்லியம்ஸோட அணியிலயே இன்னொருத்தர், பாரி ஜான். சுரங்கத் தொழிலாளி மகன். 1971 நியூசிலாந்து டூரோட ஹீரோ. புகழ் மட்டும் மலை மாதிரி குவிஞ்சுது. அந்த நெருக்கடி தாங்காம 1972-ல 27 வயசுல விலகிட்டார். ஸ்டேடியம் நிரம்புது, டிக்கெட் காசு வருது, அதுல ஒரு பைசா ஆடுறவருக்குக் கிடையாது.

நம்ம சாஃப்ட்வேர் உலகத்துல ஓப்பன் சோர்ஸ் இருக்கே, அதுவும் இப்படித்தான். ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி உக்காந்து இலவசமா கோட் எழுத, முதல்ல மாசச் சம்பளம் வரணும். ஆர்வம் எல்லாருக்கும் உண்டு, அதுக்கான நேரம் எல்லாருக்கும் இல்ல.

1995 ஆகஸ்ட்ல ரக்பி யூனியன் அந்த ரூலை எடுத்துச்சு. பிரிஞ்சு போய்ச் சரியா நூறு வருஷம் கழிச்சு.

வில்லியம்ஸ் பெரிய பிளேயர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் மாதிரி வாழ்க்கைக்குத் திறமையோட ஒரு வீடும் வேணும். அந்த வீடு இல்லாததால மைதானத்துக்கே வராமப் போனவங்க பேரு எந்த ரெக்கார்டுலயும் இருக்காது.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.