அரவிந்தின் கணக்கு தண்ணீருக்குப் பொருந்துமா?

தன் செலவைப் பெரும்பாலும் தன் வருவாயிலிருந்தே சரிக்கட்டிக்கொண்டு, மிஞ்சும் தொகையை உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட வசதியற்றோருக்கான சேவையை விரிவாக்கவே முதன்மையாகப் பயன்படுத்தும் அமைப்பைச் ‘சமூகத் தொழில் நிறுவனம்’ என்பர். மருத்துவத்தையும் குடிநீரையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றில் வென்ற முறை மற்றொன்றிலும் வெல்லும் என எதிர்பார்ப்பது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. ஆனால் விலை என்பது இவ்விரண்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மருத்துவத்தில் இம்முறைக்கு உலகெங்கும் காட்டப்படும் சான்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். கட்டணம் செலுத்த இயன்றவர்களிடம் பெறும் தொகையின் உபரியைக் கொண்டு இயலாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கும் ‘குறுக்கு மானியம்’ அங்கு அடிப்படை விதியாயிற்று. கட்டணப் பிரிவுக்கும் இலவசப் பிரிவுக்கும் அறை, கட்டில் போன்ற வசதிகளில் வேறுபாடு உண்டு. இரு பிரிவுகளிலும் அறுவை செய்வோர் அதே மருத்துவர்களே.

பணக்காரரிடம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பது மட்டுமே இதன் சூட்சுமம் என்று கருதினால் பாதியே விளங்கும். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அடுத்தடுத்து இருக்கும்; ஒரு மேசையில் அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பார்; மருத்துவர் நுண்ணோக்கியை அப்பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். நோயாளியை ஆயத்தப்படுத்துவது, கருவிகளை எடுத்துத் தருவது, கட்டுப் போடுவது ஆகியவற்றைக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் கவனித்துக்கொள்வதால், மருத்துவரின் நேரம் அறுவையைத் தவிர வேறெதிலும் கரைவதில்லை. இதற்குத் துணையாக அமைந்தது 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் தொழிற்கூடம். கண்புரையை அகற்றிய இடத்தில் பொருத்தும் செயற்கை லென்ஸுக்கு, இறக்குமதியாகி வந்த காலத்தில் 100 டாலரை ஒட்டிய விலை கேட்கப்பட்டது. ஆரோலேப் அதை ஏறத்தாழ 10 டாலருக்கும், பின்னர் அதற்கும் கீழாகவும் கொண்டுவந்தது. ஆள்தோறும் ஆகும் செலவு இவ்வளவு தாழ்ந்த பிறகே, ஒருவர் தரும் கட்டணம் இன்னொருவரின் செலவையும் தாங்குகிறது.

இங்கும் ஒரு சிக்கல் எழாமலில்லை. சிகிச்சை இலவசம் என்றாலும் பேருந்துக் கட்டணம், இழக்கும் கூலி, உடன்வருபவரின் சாப்பாடு ஆகியவை இலவசமல்ல. எனவே கிராமங்களில் நடத்தும் கண் முகாமில் தேர்ந்தெடுத்த நோயாளிகளை வண்டியில் அழைத்து வந்து, உணவளித்து, திரும்பக் கொண்டுபோய் விடும் பொறுப்பையும் மருத்துவமனை ஏற்க வேண்டியதாயிற்று. அப்படியும், கண் குறைபாடு உள்ள கிராமத்தவரில் மிகச் சிறு பகுதியினரே முகாம்களுக்கு வந்தனர் என்பது 1990களின் ஆய்வில் தெரியவந்தது; சிறு ஊர்களில் நிலையான பார்வை மையங்களை அமைத்து, அங்குள்ள பணியாளர் எடுக்கும் படத்தைத் தொலைவிலிருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அதன்பின் வந்ததே.

குடிநீருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இராஜஸ்தானில் 2008இல் தொடங்கிய சர்வஜல் போன்ற நிறுவனங்கள், ஊருக்குள் சிறு சுத்திகரிப்பு நிலையம் அமைத்து, முன்பணம் ஏற்றிய அட்டையைக் காட்டினால் தண்ணீர் ஊற்றும் ‘தண்ணீர் ஏடிஎம்’களின் வழியே விற்றன. புளோரைடோ உப்போ மிகுந்த நிலத்தடி நீரை நுண்சவ்வின் வழியே அழுத்தித் தள்ளிப் பிரிக்கும் ‘ஆர்.ஓ.’ முறையே பெரும்பாலும் பயன்படுகிறது. அதில் கணிசமான பங்கு நீர் கழிவாக வெளியேறுவதும், சவ்வை அவ்வப்போது மாற்ற வேண்டியிருப்பதும் அடக்கவிலையைக் கூட்டுகின்றன. கண்புரைக்காரருக்கு வாழ்நாளில் ஓரிரு முறை செலவு. தண்ணீர் வாங்குபவருக்கோ அன்றாடச் செலவு, அதுவும் அடிகுழாயில் பார்ப்பதற்குத் தெளிந்த நீர் காசில்லாமல் கிடைக்கும்போது. ஓரிரு நாளில் பார்வை திரும்பியவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். வராமற்போன வயிற்றுப்போக்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

நோய்த் தடுப்புக்குக் காசு கொடுக்க மக்கள் தயங்குவர் என்பதற்குக் கென்யாவிலிருந்து கிடைத்த சான்றுகள் வலுவானவை. பொருளியலாளர்கள் ஜெசிக்கா கோஹனும் பாஸ்கலின் துபாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரப்பட்ட கொசுவலைக்கு 60 சென்ட் விலை வைத்ததும் அதைப் பெற்றோரின் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வலையைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் அதில் சான்றில்லை. 2019இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் உடன் ஆய்வாளர்களும் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் குளோரின் கரைசலைக் கொண்டு நடத்திய சோதனைகளும் அதையே காட்டின. கடையில் விற்கப்பட்ட புட்டியை வாங்கிப் பயன்படுத்தியோர் சொற்பம். ஊற்றுக்கரையிலேயே திருகைத் திருப்பினால் ஒரு குடத்துக்கு வேண்டிய அளவு விழும்படி பெட்டி ஒன்றை நட்டு இலவசமாகத் தந்தபோது பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் பயன்படுத்தின. இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கை, நோய்த் தடுப்புப் பொருள்களைப் பொறுத்தவரை, சோதனையில் தேறவில்லை எனலாம்.

ஆகவே குடிநீரில் இயங்கும் நிறுவனங்கள் விற்பனையை மட்டும் நம்பி நிற்பது அரிதாகி, நிலையம் அமைக்கும் முதலீட்டை அரசிடமிருந்தோ, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெருநிறுவனங்கள் ஒதுக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தோ பெற்று, பராமரிப்புச் செலவை மட்டும் குடத்துக்கான விலையில் ஈடுகட்டும் நிலைக்குப் பலவும் வந்திருக்கின்றன. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் வாக்களித்தபடி ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் குழாயில் வந்துவிட்டால் இந்த விலைக்கும் இடமிராது. குழாயில் வரும் நீரின் தரத்தைச் சோதிப்பதும் பழுதை நீக்குவதுமே அப்போது இந்நிறுவனங்கள் கூலி பெறத்தக்க வேலையாக எஞ்சும்.

ஆப்பிரிக்கக் குளோரின் பெட்டிகளுக்கு எவிடென்ஸ் ஆக்ஷன் என்ற அமைப்பு கண்ட வழி வேறு: நீரைக் காய்ச்ச எரித்திருக்கக்கூடிய விறகு மிச்சமாவதைக் கணக்கிட்டு, அதற்கான கார்பன் வரவை விற்று, செலவின் ஒரு பகுதியை ஈட்டியது. அக்குடும்பங்கள் பலவற்றில் நீரைக் காய்ச்சும் வழக்கமே இருந்ததில்லை என்பதால், எரியாத விறகுக்குக் காசு வாங்கும் இக்கணக்கை ஐயுறுவோர் உண்டு; எனினும் குடம் சுமந்து வருபவரிடம் அது காசு கேட்கவில்லை.