ஸ்டிக்கர் கடையில் பிறந்த வாலிபால் அணி

பையன்கள் காசு சேர்த்து வாங்கி ஆல்பத்தில் ஒட்டுகிற கால்பந்து வீரர் ஸ்டிக்கர்களுக்கு உலகப் பெயர் 'பனினி'. இத்தாலியின் மொடெனா நகரில் பத்திரிகைக் கடை நடத்திய குடும்பம் அது. 1961-இல் நிறுவனம் தொடங்கினார்கள். ஒரே பாக்கெட்டில் ஒரே முகம் இரண்டு முறை வராதபடி கலந்து போடும் இயந்திரத்தைச் சகோதரர்களில் ஒருவரான உம்பெர்த்தோவே வடிவமைத்தார்.

அண்ணன் ஜுசெப்பேவுக்கோ வாலிபால் என்றால் உயிர். 1966-இல் நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் அணியைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில் அது இத்தாலியின் சாம்பியன்!

1985-இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹூலியோ வெலாஸ்கோ அந்த அணியின் பயிற்சியாளர் ஆனார். 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள். இதைப் பார்த்த இத்தாலி, தேசிய அணியையே அவரிடம் ஒப்படைத்தது. 1990-இலும் 1994-இலும் உலக சாம்பியன்ஷிப் பட்டம் இத்தாலிக்கு வந்தது. ஒரு நகரத்து அணி, ஒரு நாட்டின் விளையாட்டையே தூக்கி நிறுத்தியது என்றால் மிகையில்லை. அதே வெலாஸ்கோதான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலியப் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்.

மொடெனாவின் அந்த அணி இதுவரை 12 முறை தேசியப் பட்டத்தையும், நான்கு முறை ஐரோப்பிய சாம்பியன் கோப்பையையும் வென்றிருக்கிறது. கடைசித் தேசியப் பட்டம், 2016-இல். ஜுசெப்பேயின் பெயர் தாங்கிய அணியின் அரங்கத்தை ரசிகர்கள் 'வாலிபால் கோயில்' என்றே அழைக்கிறார்கள்.