சிதறிய கோப்பும் வட்டின் கையும்

1956-ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் ஒரு கம்பெனியாகப் பதிவு பெறுவதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்னதாக, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் யந்திரத்தை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கணினியான அதில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டும், அவை தாங்கியவை ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று நெய்வேலி வீடுகளின் மேஜைமீதுள்ள வட்டு அதைப்போல் லட்சம் மடங்குக்கு மேலும் கொள்ளும்; ஆயினும் சுழலும் தட்டு, அதன்மேல் நகரும் கை என்ற தத்துவம் மாறவில்லை. எல்லாத் தொல்லையும் அந்தக் கையினால்தான்.

நிமிஷத்துக்கு 7,200 முறை தட்டு சுழல, கையின் நுனியிலுள்ள தலை, மயிரிழையிலும் நுண்ணிய இடைவெளியில் நின்று அதைப் படிக்கின்றது. ஒரு தடத்திலிருந்து வேறொரு தடத்துக்குக் கை நகரச் சராசரியாக 9 மில்லிசெகண்டு ஆகலாம். நகர்ந்த பின்னரும், வேண்டிய பகுதி சுழன்று வரும்வரை மேலும் 4 மில்லிசெகண்டு காத்திருத்தல் வேண்டும். நமக்கு இது ஒரு காலமே அன்று. ஆனால் இடம்பெயராமல் படித்திருந்தால், அதற்குள் ஒரு மெகாபைட்டுக்கு மேல் வாசித்திருக்கும். சுரங்கத்தில் பக்கெட் வீல் யந்திரம் மண்ணை வெட்டுவதைக் கண்டவர்களுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்: நின்ற இடத்தில் தோண்டும்வரை வேலை இடையறாது பெருகுகின்றது, ஊர்ந்து வேறு முகப்புக்குப் போகும்பொழுது வாளிகள் வெறுமனே இருக்கின்றன.

விண்டோஸ் தன் கோப்புகளை வழக்கமாக 4 கிலோபைட் கிளஸ்டர்களாகப் பகுத்து வைக்கின்றது. புதிய வட்டில் அவை அடுத்தடுத்து அமைகின்றன. நாளடைவில், சில கோப்புகள் அழிந்து ஆங்காங்கே காலியிடங்கள் தோன்ற, சில நாள்தோறும் வளர்ந்துகொண்டே போக, புதிதாக வரும் திரைப்படமோ கணக்கேடோ முழுமையாக அமர ஒரே இடம் வாய்க்காமல், கிடைத்த சந்துகளிலெல்லாம் துண்டுதுண்டாகக் குடியேறுகின்றது. துண்டுகளின் விலாசங்கள் ஓர் அட்டவணையில் இருப்பதால் எதுவும் தொலைவதில்லை, வேகந்தான் குறைகின்றது.

டீஃபிராக் என்னும் நிரல், இத்துண்டுகளைத் தொடர்ச்சியான காலியிடத்தில் பிரதியெடுத்து, அட்டவணையில் விலாசத்தை மாற்றி, அதன் பின்னரே பழைய இடத்தை விடுவிக்கின்றது. இதற்கெனச் சிறிது வெற்றிடம் அவசியம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிரல் 15 சதவீதம் கேட்டது.

1993-இல் எம்.எஸ்.-டாஸ் 6 பதிப்போடு வந்த இந்த வசதி, விண்டோஸ் 95, 98 நாட்களில் ஒரு காட்சியாகவே ஆயிற்று: வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை மணிக்கணக்கில் பார்த்திருந்தவர் அநேகர். பார்த்ததனால் வட்டு வேகமடைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். விஸ்டாவில் அந்தக் கட்டங்களை மைக்ரோசாஃப்ட் நீக்கி, வாரந்தோறும் நிரல் தானே ஓடுமாறு செய்தது. 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை அது சிதறலாகவே கணக்கிடவில்லை. அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கும் காலத்தோடு ஒப்பிட்டால், கை ஒருமுறை நகரும் காலம் அற்பமானது. ஒழுங்கு என்பதற்காகவே ஒழுங்கைத் தேடும் மனோபாவத்துக்கு இது ஒவ்வாது. யந்திரத்தின் கணக்கோ அதுதான்.

தற்காலத்து எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. துண்டுகள் எங்கிருந்தாலும் எடுக்கும் நேரத்தில் பெரிய பேதமில்லை; மாறாக, அதன் நினைவகச் செல்கள் ஓர் எல்லைக்குட்பட்ட தடவைகளே எழுதத் தக்கவை ஆதலால், வீணாக இடம் மாற்றுவது அதன் ஆயுளைக் குறைப்பதேயாகும். விண்டோஸ் 8 முதற்கொண்டு, அந்த நிரல் வட்டின் ஜாதியைக் கண்டறிந்து, எஸ்.எஸ்.டி.யாயின் அழிக்கப்பட்ட இடங்களை அதற்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையையே பெரும்பாலும் அனுப்புகின்றது.

ஆகவே இன்று கைப்பட டீஃபிராக் செய்யவேண்டியவை, பழைய புகைப்படங்களும் திருமண வீடியோக்களும் நிறைந்து, வாராந்திர வேலை நடக்கும் வேளையில் கணினியோடு இணைக்கப்படாமல் அலமாரியிலேயே கிடக்கும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகள்தாம். அவற்றிலும் முதலில் ‘அனலைஸ்’ பொத்தானை அழுத்திச் சிதறலின் சதவீதத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நலம்.