மூன்று சென்டிமீட்டர் மிடுக்கு!

எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் தினமும் காலையில் ஒரு சல்யூட் அடிப்பார். எனக்கு என்று நினைத்துவிடாதீர்கள்... என் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு! செகண்ட்ஹேண்டில் வாங்கியதுதான் என்றாலும், அதன் கம்பீரமே தனி.

அந்தக் கம்பீரத்துக்கும் ஒருநாள் சோதனை வந்தது. பக்கத்து செக்‌ஷன் பையன் தன் ஜீப்பில் ராட்சச டயர்களை மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அதற்குப் பக்கத்தில் என் வண்டி, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்த துணை மாப்பிள்ளைப் பொடியன் மாதிரி தெரிந்தது. வாட்ச்மேனின் சல்யூட்டும் இடம் மாறிவிட்டது. விடுவேனா? தீபாவளி போனஸை அப்படியே தூக்கிக்கொண்டு டயர்க் கடைக்கு ஓடினேன்.

"இப்ப 245/75 ஆர் 16 போட்டிருக்கீங்க சார். 285-க்குப் போயிடுங்க. வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்!" என்றார் கடைக்காரர்.

நின்றது சார், நிஜமாகவே சிங்கம் மாதிரி நின்றது. நிறுத்துவதில்தான் வந்தது வம்பு!

அடுத்த வாரமே மனைவியுடன் கொல்லிமலைக்குக் கிளம்பினேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் முன் டயர் உள்பக்கம் உரசி 'கர்ர்ர்' என்றது. "என்னங்க, சிங்கம் உறுமுதா?" என்றாள் அவள். சிரித்துச் சமாளித்தேன்.

இறங்கும்போது சிரிப்பு வரவில்லை. வழக்கமாக இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து வந்ததில் கருகல் வாடை. ஒரு வளைவில் எதிரே பஸ் ஏறி வருகிறது... பெடல் 'பொதக்'கென்று உள்ளே போகிறது! ஹேண்ட் பிரேக்கைச் சேர்த்து இழுத்து, மலைச் சுவரை ஒட்டி எப்படியோ நிறுத்தினேன். அவள் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இறங்கினோம்.

சேந்தமங்கலத்தில் ஒரு வயதான மெக்கானிக் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இந்த டயரு ஓட்டறதுக்குங்களா... பார்க்கறதுக்குங்களா?"

பிறகு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவிகிதம் என்று. 16 என்பது ரிம், இஞ்சில். ஆக, பழைய டயரின் மொத்த உயரம் சுமார் 774 மி.மீ. புதுசு 285/75 ஆர் 16, சுமார் 834 மி.மீ. வித்தியாசம் 60.

"அதுல பாதிதானுங்க வண்டி மேல ஏறும். மூணு சென்டிமீட்டரு!"

அந்த மூன்று சென்டிமீட்டருக்கு நான் கொடுத்த விலை? சக்கரம் பெரிசானதால் கியர் இழுவையும் குறைந்தது, என்ஜின் பிடிமானமும் குறைந்தது. கனமான பெரிய சக்கரத்தை அதே பழைய பிரேக் நிறுத்த வேண்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் ஏறக்குறைய 65! போதாததற்கு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

"அப்ப சேறு, மணல்ல எல்லாம் எப்படிண்ணே போறது?"

"காத்தை இறக்குங்க தம்பி! 32 இருக்கறதை 20-க்குக் கொண்டாந்தா டயரு நீளமாப் படிஞ்சு மண்ணைப் பிடிக்கும். தார் ரோடு வர்றதுக்கு முந்தி மறுபடி அடிச்சுக்கோணும், அவ்வளவுதான். ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன வில்லீஸ் ஜீப்புக்கு டயரு அகலம் எவ்வளவு தெரியுங்களா? ஆறே இஞ்சு!"

ஊர் திரும்பியதும் பழைய சைஸையே மாட்டினேன். கரடுமுரடுக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் பட்டன் வைத்தது. கூடவே, காற்றடிக்க ஒரு குட்டி கம்ப்ரஸர். போனஸில் மிச்சம்? அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மறுநாள் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், வண்டி இளைச்சுப் போச்சு?"

"டயட்டுல இருக்குப்பா. மலை டாக்டர் சொல்லிட்டார்!" என்றேன்.