‘ஓக்கி’ என்ற பெயர்: இடம்பெயர்ந்த கமக்காரரைப் பத்திரிகைகள் காட்டிய விதம்

வீட்டையும் காணியையும் விட்டு வெளியேறும் கமக்காரக் குடும்பம் தன்னோடு அதிகம் எடுத்துச்செல்ல முடிவதில்லை. கலப்பையும் மாடும் கிணறும் விதைநெல்லும் பின்னுக்கு நின்றுவிடுகின்றன. ஆனால் போய்ச் சேரும் இடத்தில் ஒன்று மட்டும் கேளாமலே கிடைத்துவிடுகின்றது. அது ஒரு பெயர். ‘அகதி’, ‘முகாம் ஆக்கள்’, ‘நிவாரணத்துக்கு நிற்பவர்கள்’ என்று அந்தப் பெயர் பலவகைப்படும். நேற்றுவரை இன்ன ஊர், இன்னாரின் மகன், நல்ல வெங்காயச் செய்கைக்காரன் என்று அறியப்பட்டவர் ஒரே நாளில் அந்தப் பெயருக்குள் மறைந்துபோகின்றார்.

இந்தப் பெயர்கள் எப்படி உண்டாகின்றன? பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி முதலிய வெகுசனத் தொடர்பு சாதனங்கள் இவற்றை எவ்வாறு பரப்புகின்றன? இதை விளங்கிக்கொள்ள, எமக்குத் தூரமான ஒரு நாட்டில் எம்மைப்போலவே நிலத்தை இழந்த கமக்காரருக்கு நடந்ததைப் பார்ப்போம். எமது சொந்தக் கதையில் தெளிவாகத் தெரியாத சில விடயங்கள், மற்றவர் கதையில் தெளிவாகத் தெரிவதுண்டு.

அச்சில் வார்த்த மனிதர்

முற்காலத்தில் பத்திரிகை அச்சிடுவோர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கத்தை ஆயத்தம் செய்தபின், அதை அப்படியே உலோகத் தகடாக வார்த்துவிடுவார்கள். அந்தத் தகட்டைக் கொண்டு ஆயிரக்கணக்கான பிரதிகளை ஒரே மாதிரி அடிக்கலாம். ஆனால் தகட்டில் உள்ள ஓர் எழுத்தைத் தானும் எளிதில் மாற்ற முடியாது. வோல்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1922இல் வெளியிட்ட நூல் ஒன்றில், ஒரு கூட்டத்தாரைப் பற்றி மனிதர் மனத்தில் வைத்திருக்கும் மாறாத படத்துக்கு இந்தத் தகட்டின் பெயரையே வைத்தார்.

சீமெந்துக் கல் அரியும் அச்சை நாம் அறிவோம். எந்த மண்ணைப் போட்டாலும் வெளியே வருவது ஒரே அளவுக் கல்தான். மனத்திலுள்ள அச்சும் அப்படிப்பட்டதே. ஆயிரம் குடும்பங்களின் ஆயிரம் கதைகள் அதற்குள் போகின்றன. வெளியே வருவது ஒரே முகம்.

அவர்கள் ஏன் வெளியேறினார்கள்?

1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்க்கன்சோ, மிசூரி முதலிய மாநிலங்களில் இருந்து இலட்சக்கணக்கான கமக்காரர் வெளியேறினர். காரணங்கள் பல. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியினால் பருத்தியும் கோதுமையும் விலைப்படவில்லை. மேற்குப் புறத்தில் புல்வெளியாக இருந்த நிலத்தைக் கோதுமைக்காக உழுதுவிட்டிருந்தார்கள். புல்லின் வேர் போனபின் மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. மழை பொய்த்ததும் காற்று அந்த மண்ணை அள்ளிச் சென்றது. 1935 ஏப்ரல் 14இல் வீசிய புழுதிப் புயல் பகலை இருளாக்கியது.

ஆயினும் வெளியேறியவர்களில் மிகப் பலர் புழுதி வீசிய பகுதியைச் சேர்ந்தவர்களே அல்லர். அவர்கள் பிறர் காணியில் குத்தகைக்கும் வாரத்துக்கும் பருத்தி செய்தவர்கள். பருத்தி விலையை உயர்த்துவதற்காக, காணியில் ஒரு பகுதியைத் தரிசாக விடும்படி 1933முதல் அரசாங்கம் சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்தது. பல சொந்தக்காரர் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு குத்தகைக் குடும்பங்களை எழுப்பிவிட்டனர். உழவு இயந்திரத்தையும் வாங்கிக்கொண்டனர். எனவே இந்த மக்களை வெளியேற்றியது வானம் மட்டுமல்ல. மனிதர் எடுத்த முடிவுகளும் அதிற் பங்குகொண்டன.

கலிபோர்னியாவில் கிடைத்த பெயர்

பழைய கார்களிலும் லொறிகளிலும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு இக்குடும்பங்கள் மேற்கே கலிபோர்னியா மாநிலத்தை நோக்கிச் சென்றன. அந்தப் பத்தாண்டில் அங்கு போய்ச் சேர்ந்தோர் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர். அங்கே பழத்தோட்டங்களும் பருத்தி வயல்களும் பெரும் பெரும் முதலாளிமாரிடம் இருந்தன. அறுவடைக் காலத்தில் எத்தனை கைகள் வந்தாலும் முதலாளிமாருக்குத் தேவைதான். கைகள் கூடினால் கூலி இறங்கும். அறுவடை முடிந்ததும் அதே மக்கள் பாரமாகத் தெரிந்தனர்.

இவர்களுக்கு ‘ஓக்கி’ என்ற பெயர் வைக்கப்பட்டது. ஒக்லஹோமாவைச் சேர்ந்தவர் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் எந்த மாநிலத்தில் இருந்து வந்தாலும் ஏழையாக வந்தவர் அனைவரையும் குறிக்கும் வசைச்சொல்லாக அது மாறியது. சோம்பேறிகள், அழுக்கானவர்கள், நோய் பரப்புபவர்கள், நிவாரணத்துக்காக வந்தவர்கள் என்று பத்திரிகைகளும் மேடைகளும் பேசின. 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலஸ் நகரப் பொலிஸ் அதிபர் 136 பொலிசாரை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையிற் பணம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் செய்தார்.

இனி அந்தக் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அழுக்கு என்றார்கள். அக்குடும்பங்கள் வாய்க்கால் கரைகளில் கூடாரம் அடித்து, குழாய்த் தண்ணீரும் மலசலகூடமும் இன்றி வாழ்ந்தன. நோய் என்றார்கள். அதே வாய்க்கால் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்தனர். சோம்பல் என்றார்கள். பட்டாணி, பழம், பருத்தி என்று ஒவ்வோர் அறுவடையையும் தேடி அவர்கள் நூற்றுக்கணக்கான மைல் அலைந்தனர். நிவாரணத்துக்காக வந்தவர்கள் என்றார்கள். மாநிலத்தில் குறித்த காலம் வசித்தவர்களுக்கே நிவாரணம் என்ற சட்டம் இருந்தபடியால், வந்தவுடன் அது கிடைக்கவுமில்லை.

அச்சு வேலை செய்யும் முறை இதுவே. ஒரு நிலைமையின் விளைவை எடுத்து, அதை அந்த மக்களின் குணமாகக் காட்டிவிடுகின்றது. தண்ணீர் கொடுக்காதவரை யாரும் கேட்பதில்லை, குளிக்காதவரைத்தான் கேட்கின்றார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இம்மக்களிற் பெரும்பாலானோர் உள்ளூராரின் அதே நிறத்தவர், அதே மொழியினர், அதே சமயத்தவர், அந்நாட்டிலேயே பிறந்தவர். அவர்களுக்கு முன்பு அந்தத் தோட்டங்களில் வேலை செய்த சீனரும் யப்பானியரும் மெக்சிக்கரும் பிலிப்பைன்ஸ் மக்களும் ஏறக்குறைய இதே வசைகளைக் கேட்டிருந்தனர். ஆட்கள் மாறினார்கள், அச்சு மாறவில்லை. ஆகவே இழிவு இரத்தத்திலோ மொழியிலோ இருந்து வருவதன்று. நிலம் இல்லாமல் பிறர் வாசலில் வேலைக்கு நிற்கும் நிலைக்கே அது ஒட்டிக்கொள்கின்றது.

இரக்கமும் பெயரை மறைக்கும்

வெறுப்பான படங்கள்தாம் தீங்கானவை, இரக்கமான படங்கள் நல்லவை என்று நாம் நினைக்கலாம். விடயம் அவ்வளவு எளிதன்று.

1936 மார்ச்சில் டொறத்தியா லாங் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் நிப்போமோ என்னும் ஊருக்கு அருகே பட்டாணி பறிப்போரின் முகாமுக்குச் சென்றார். பயிர் குளிரில் கருகி, வேலை இல்லாமல் மக்கள் பட்டினி கிடந்தனர். அவர் அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிறுவனத்துக்காகப் படம் எடுப்பவர். ஏழைகள்மேல் உண்மையான அக்கறை கொண்டவர். அங்கே கூடாரம் ஒன்றில் பிள்ளைகளோடு இருந்த ஒரு தாயைச் சில படங்கள் எடுத்தார். தாய் கன்னத்தில் கைவைத்துத் தூரத்தை நோக்க, இரு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளிற் சாய்ந்திருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. 1998இல் தபால் முத்திரையிலும் அது வெளிவந்தது.

அப்படங்கள் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் 20,000 இறாத்தல் உணவை அந்த முகாமுக்கு அனுப்பியது. பலர் பசியாறினர். இதனை நாம் மறுக்கக்கூடாது. ஆனால் உணவு வந்தபோது அந்தத் தாயும் பிள்ளைகளும் அங்கு இல்லை. வேலை தேடி வேறிடம் போய்விட்டார்கள்.

அவருடைய பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ‘இடம்பெயர்ந்த தாய்’ மட்டுமே. 1978இல் ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டுபிடித்த பின்னரே புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் வெளிவந்தது. அவர் அமெரிக்காவின் ஆதிக்குடிகளான செரோக்கி இனத்தவர். புழுதிக்கு அஞ்சி வந்தவருமல்லர். அதற்கு முன்பே, 1920ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவுக்கு வந்தவர். 1931இல் கணவனை இழந்தபின் பிள்ளைகளைத் தன் உழைப்பால் வளர்த்தவர். விடியுமுன் பருத்தித் தோட்டத்தில் இறங்கி இருட்டும்வரை நின்று பறித்தவர். உணவு வாங்கக் காரின் ரயர்களை விற்றுவிட்டதாகப் படக்குறிப்பில் எழுதப்பட்டிருந்தது. அது நடக்கவே இல்லை என்று அவரது குடும்பத்தார் கூறினர். அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்க விட்டிருக்கக்கூடாது என்றும் அவர் மனம் வருந்தினார்.

வெறுப்பின் படம் அவரைச் சோம்பேறி என்றது. இரக்கத்தின் படம் அவரைக் கையாலாகாதவர் என்றது. இரண்டிலும் அவருடைய பெயர் இல்லை, தொழில் இல்லை, சொல் இல்லை.

தங்கள் கதையைத் தாங்களே சொன்னவர்கள்

1939இல் ஜோன் ஸ்ரைன்பெக் இம்மக்களைப் பற்றி எழுதிய ‘கோபத்தின் திராட்சைகள்’ என்ற நாவல் வெளிவந்தது. தோட்ட முதலாளிமார் அதை எதிர்த்தனர். கேர்ண் மாவட்டச் சபை அதே ஆண்டில் பொது நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அதைத் தடைசெய்தது. ஆனால் இடம்பெயர்ந்தோர் எழுத்தாளர் ஒருவருக்காக மட்டும் காத்திருக்கவில்லை.

அதே மாவட்டத்தில் ஆர்வின் என்னும் ஊருக்கு அருகே அரசாங்க முகாம் ஒன்று இருந்தது. குடியிருப்போர் தாமே தெரிவுசெய்த குழுக்கள் அதன் காரியங்களைப் பார்த்தன. அவர்கள் றோணியோ பிரதியாகத் தங்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினர். வேலைச் செய்தி, கூட்ட அறிவித்தல், பகிடி, பாட்டு, முறைப்பாடு எல்லாம் அதில் வந்தன. வெளிப் பத்திரிகைகளில் ‘ஓக்கி’யாக இருந்தவர்கள் அங்கே ஊரும் பெயரும் உள்ள மனிதர்களாக இருந்தார்கள்.

அவர்களின் பிள்ளைகளை உள்ளூர்ப் பாடசாலைகள் மனமுவந்து ஏற்கவில்லை. 1939இல் கேர்ண் மாவட்டக் கல்வி அதிகாரியாகத் தெரிவான லியோ ஹார்ட், முகாமுக்கு அருகே அவர்களுக்கென ஒரு பாடசாலையை 1940இல் தொடங்கினார். ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டடங்களை எழுப்பினர். தோட்டம் செய்தனர், கால்நடை வளர்த்தனர். நீச்சற் குளமும் வெட்டினர். சிறிது காலத்தில், முன்பு விலகி நின்ற ஊர்ப் பெற்றோரும் தங்கள் பிள்ளைகளை அங்கு அனுப்ப விரும்பினர்.

நீதிமன்றமும் ஒரு வாசலாயிற்று. டெக்சாஸில் இருந்து வேலையற்ற உறவினர் ஒருவரைக் காரில் கூட்டிவந்ததற்காக எட்வேர்ட்ஸ் என்பவரைக் கலிபோர்னியா நீதிமன்றம் தண்டித்தது. வறியவரை மாநிலத்துக்குள் கொண்டுவருவது அங்கு குற்றமாக இருந்தது. 1941 நவம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்த்தது.

அடுத்த மாதம் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. கப்பல் கட்டும் தளங்களுக்கும் விமானத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். ‘சோம்பேறி ஓக்கி’கள் நல்ல சம்பளத்துக்கு எடுக்கப்பட்டனர், வசையும் வரவரத் தேய்ந்தது. அந்த மக்கள் மாறிவிடவில்லை. அவர்களுக்கு நிலையான வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

நாம் பிறருக்கு வைக்கும் பெயர்

இந்தக் கதையை எமக்கு ஆறுதலாக மட்டும் வாசித்தல் போதாது. 1977 வன்செயலின்பின் மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிய, எமது தோட்டங்களிற் கூலிக்கு நின்ற குடும்பங்களை எம்மவர் பலர் எந்தச் சொல்லால் அழைத்தனர் என்பதை நாம் அறிவோம். ‘தோட்டக்காட்டார்’ என்ற அந்தச் சொல்லும் அதே அச்சில் வார்த்ததே. நிலம் இழந்தவர்கள் என்ற வகையில் அவர்களும் நாமும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்.

கூடிப் பேசுவதற்கு

கிராமச் சங்கக் கூட்டத்தில் ஒரு பத்திரிகைச் செய்தியையோ படத்தையோ எடுத்துவைத்து, கீழ்வரும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இதில் உள்ளவருக்குப் பெயர் இருக்கின்றதா? அவர் சொன்ன சொல் இருக்கின்றதா?

2. இவர் முன்பு என்ன தொழில் செய்தார், என்ன தெரிந்தவர் என்று சொல்லப்பட்டுள்ளதா?

3. இவர் ஏன் வெளியேறினார், அதற்கு யார் எடுத்த முடிவு காரணம் என்று சொல்லப்பட்டுள்ளதா?

4. ஒரு நிலைமையின் விளைவு இவருடைய குணமாகக் காட்டப்படுகின்றதா?

5. இந்தப் பெயரால் நன்மை அடைபவர் யார்?

எமது இடத்துக்குப் படம் எடுக்க யாரேனும் வந்தால், எங்கே போடுவீர்கள், என்ன எழுதுவீர்கள் என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு. விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். சம்மதித்தால், எங்கள் பெயரையும் ஊரையும் நாம் செய்த பயிரையும் எழுதச் சொல்லலாம். பெயர் வெளிவந்தால் ஆபத்து என்றால் அதை மறைக்கச் சொல்வதும் எமது முடிவாகவே இருக்க வேண்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்தின் ஊர், காணி, கிணறு, பயிர், வெளியேறிய நாள் ஆகியவற்றை நாமே எழுதி வைப்பது இன்னும் நல்லது. நாளைக்குக் காணி விசாரணைக்கும் அது உதவும். பிள்ளைகள் தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைப் பிறர் சொல்லி அறியாமல், தாய் தகப்பன் எழுதியதை வாசித்து அறிவார்கள்.