குடும்ப ஆற்றுப்படுத்துநர் என்ன படிக்கிறார்?

நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி, எலத்தகிரி வட்டாரங்களிலிருந்து எங்கள் மனநலப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் சிலர் எங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. "எங்கள் சபைப் போதகர் குடும்ப கவுன்சலிங் படித்திருக்கிறார், அவரிடம் போனால் போதுமா, மருந்தும் வேண்டுமா?" என்பது ஒன்று. "மகள் சமூகப்பணியில் பட்டம் பெற்றுவிட்டாள், கிறித்தவத் திருமண, குடும்ப ஆலோசனையில் மேற்படிப்புப் படிக்க விரும்புகிறாள், படிக்க வைக்கலாமா, டாக்டர்?" என்பது மற்றொன்று. அந்தப் படிப்பு எதைக் கற்பிக்கிறது என்பது தெரிந்தால், அதைக் கற்றவரிடம் எதற்குச் செல்லலாம், எதற்குச் செல்லலாகாது என்பதும் தெளிவாகும் என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே இங்கு விடை கூறுகிறோம்.

இப்படிப்பின் ஒரு வேர் மருத்துவமனையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்னும் குருவானவர் 1920-ஆம் ஆண்டு கடுமையான மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலமடைந்தபின் அவரே மாசசூசெட்ஸ் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றில் ஆன்மிகப் பணியாளராக அமர்ந்து, 1925-இல் இறையியல் மாணவர் சிலரை அங்கு வரவழைத்துப் பயிற்றுவித்தார். ஏடுகளைக் கற்பது போன்றே துன்புறும் மனிதரையும் கருத்தூன்றிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை இன்றும் தொடர்கிறது. மாணவர் ஒரு நோயாளியிடமோ தம்பதியரிடமோ பேசிவிட்டு வந்து, அவ்வுரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதுகிறார். மேற்பார்வையாளரும் உடன்பயில்வோரும் அதனை வரிவரியாக ஆராய்கின்றனர். "அந்தப் பெண் பேசாமல் இருந்தபோது நீங்கள் ஏன் உடனே ஜெபிக்கத் தொடங்கினீர்கள்? அவருக்காகவா, உங்கள் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளவா?" என்பது போன்ற கேள்விகள் அங்கே எழும். ஒரு நூலகம் முழுவதையும் படித்தாலும் இக்கேள்வியைத் தாங்கிய அனுபவம் வாய்க்காது. நல்ல ஆற்றுப்படுத்துநரைச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவரிடமிருந்து வேறுபடுத்துவது இதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

நம் நாட்டில் இக்கல்விக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று இறையியல் வழி. 1818-இல் தொடங்கப்பெற்று, 1827-இல் டென்மார்க் மன்னரின் பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் செனட், பல இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்குகிறது. இங்கே முதலில் பி.டி. என்னும் இறையியல் பட்டம் பெற வேண்டும், பின்னரே எம்.டிஎச். பட்டத்தில் ஆயர் பராமரிப்பும் ஆற்றுப்படுத்தலும் என்ற பிரிவைப் பயிலலாம். 1910-இல் தொடங்கிய பெங்களூரு யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் நம் பகுதிக்கு அண்மையில் உள்ளது. மற்றது மருத்துவ வழி. சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் பெற்றவர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் உளமருத்துவச் சமூகப்பணி பயிலலாம். அதில் வார்டிலும் குடும்பங்களோடும் பணியாற்றியே கற்க வேண்டியிருக்கும்.

திருமண, குடும்ப ஆலோசகருக்கென்று தனி உரிமம் வழங்கும் முறை இந்தியாவில் இல்லை. கலிபோர்னியாவில் மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம் பணியாற்றியவருக்கே அவ்வுரிமம் கிடைக்கிறது. இங்கோ, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெற்றவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆதலால் சோதித்தறியும் பொறுப்பு குடும்பத்தாரின் தலையில் விழுகிறது.

அமெரிக்கப் பாடநூலை அப்படியே கொண்டுவந்தாலும் இங்கே பொருந்தாது. குடும்ப ஆலோசனை பயில்வோர் மூன்று தலைமுறை உறவுகளை ஒரு வரைபடமாக வரையக் கற்கின்றனர். யாருக்கு யாருடன் நெருக்கம், யாருக்குக் குடி, யார் இளமையில் இறந்தார் என்பன எல்லாம் அதில் இடம்பெறும். எங்கள் பகுதியில் அக்காள் மகளை மணந்தவரின் குடும்பத்தை வரைந்து பாருங்கள். மாமியாரே மனைவியின் பாட்டி. கணவனோடு சண்டையிட்டுத் தாய்வீட்டுக்குப் போகும் பெண், கணவனின் அக்காள் வீட்டுக்கே போகிறாள். அவளுக்காகப் பேச வருபவர் எல்லாரும் அவனுக்கும் உறவினர். 'உங்கள் வீட்டாரிடம் பேசிப் பாருங்கள்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாத இடம் இது.

ஓசூர் தொழிற்சாலைகளின் ஷிப்ட் வேலை மற்றொரு சிக்கல். கணவனுக்கு இரவு ஷிப்ட், மனைவிக்குப் பகல் ஷிப்ட், குழந்தை ஊரில் பாட்டியிடம் என்று வாழும் இளந்தம்பதியர் பலரைக் காண்கிறோம். அவர்களுள் சிலருக்குத் தேவைப்படுவது, வாரத்தில் ஒருநாள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விடுப்பு. மொழியும் ஒரு சிக்கலே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழும் மாவட்டம் இது. மனிதர் சண்டையிடுவதும் அழுவதும் வீட்டு மொழியில்தான். ஆங்கிலத்தில் மட்டும் பயின்றவர் அவ்வழுகையின் பாதியைத் தவறவிடுவார்.

எதற்கு யாரிடம் செல்வது? பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதியர், குழந்தையின்மையால் மனம் நொந்தவர், சிறுநீரகச் சுத்திகரிப்பு, பக்கவாதம் போன்ற நீண்ட நோயால் களைத்துப்போன கணவனோ மனைவியோ, இறப்புக்குப்பின் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் குடும்பம், இவர்கள் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரிடம் தயங்காமல் செல்லலாம். நம்பிக்கையுள்ளவர்க்கு வேதவசனமும் ஜெபமும் ஆறுதல் தருவதை நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் காரணமற்ற சந்தேகம், காதில் குரல் கேட்டல், நாட்கணக்கில் உறங்காமை, தற்கொலை எண்ணம், பிரசவத்துக்குப்பின் தாயின் நடத்தையில் திடீர் மாற்றம் ஆகியவை இருப்பின் முதலில் மருத்துவரிடம் வர வேண்டும். மனைவிமீது ஆதாரமற்ற சந்தேகம் கொண்டவர் சிலருக்கு இருப்பது நோய். அதனைத் தம்பதியர் சண்டையென்று எண்ணி மாதக்கணக்கில் சமரசம் பேசினால் ஆபத்து வளரும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அதற்கும் மருத்துவமனையே இடம்.

அடி விழும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைப்பது தவறு. அவள் அங்கே உண்மை பேசினால், வீடு திரும்பியபின் அதற்குத் தண்டனை கிடைக்கும். முதல் கேள்வி அவளுடைய பாதுகாப்பே. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். 'பொறுமையாயிரு' என்று மட்டும் சொல்லி அனுப்புபவரிடம், அவர் எத்தனை பட்டம் பெற்றிருப்பினும், மறுமுறை செல்ல வேண்டாம். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஆலோசகரும் போதகரும் மருத்துவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இரகசியக் காப்பு அதற்குத் தடையாகாது. இவ்வரம்பை முதல் நாளிலேயே எடுத்துரைப்பவர் நல்ல பயிற்சி பெற்றவர் என்று கொள்ளலாம்.

நம்பிக்கையும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் இயங்க முடியும் என்பதற்கு வேலூர் சான்று. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் உறவினர் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை நெடுங்காலமாக உள்ளது. பராமரிப்பவரும் கற்றுக்கொள்ள வேண்டியவரே என்ற எண்ணம் அதன் அடிப்படை.

மகளைப் படிக்க வைக்கலாமா என்று கேட்ட பெற்றோருக்கு: வைக்கலாம். சமூகப்பணி பயின்றவர் முதலில் மருத்துவ வழியில் சென்று, பிறகு ஆயர் பராமரிப்புப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து; அப்போது மருத்துவமனை, பள்ளி, சபை ஆகிய மூன்றிலும் பணியாற்ற இயலும். சேரும் முன் அக்கல்லூரியிடம் இரண்டைக் கேளுங்கள்: மேற்பார்வையுடன் எத்தனை மணி நேரப் பயிற்சி, அதனை மேற்பார்வையிடுபவர் யார்? இணையவழியில் மட்டும் நடக்கும் படிப்பென்றால் தயங்குங்கள். தொடக்க ஊதியம் ஓசூர் தொழிற்சாலைச் சம்பளத்தை எட்டாமலும் போகலாம். அதையும் வீட்டில் முன்னரே பேசிக்கொள்வது நலம்.

ஏற்கெனவே ஆற்றுப்படுத்துநரிடம் சென்றுவருவோர் எங்களைக் காணும்போது அதனைத் தெரிவிக்கவும். மருந்துச் சீட்டை அவரிடமும் காட்டவும். உங்கள் எழுத்துவழி இசைவு இருந்தாலன்றி நாங்கள் அவருடன் உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. இரவில் அவசரமாக மனநல ஆலோசனை தேவைப்பட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.