பாதிப் பூவின் முழுக் கதை

மாணவர்களே, யாரோ நடுவில் கிழித்து ஒரு பாதியை மட்டும் விட்டுச் சென்றதுபோல் ஒரு பூ உண்டு. ஹவாய்த் தீவுகளில் அதன் பெயர் நௌபாக்கா. பிரிக்கப்பட்ட காதலர் இருவரில் ஒருவர் கடற்கரைக்கும் மற்றவர் மலைக்கும் போனார்களாம். அதனால்தான் இரண்டு இடங்களிலும் பாதிப் பூ மலர்கிறது என்கிறது அங்குள்ள பழங்கதை.

அறிவியல் என்ன சொல்கிறது? இதழ்களை எண்ணிப் பாருங்கள், ஐந்து இருக்கும். எதுவும் குறையவில்லை! பூக்குழல் மேற்புறம் பிளந்து, ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாக விசிறிபோல் விரிந்துள்ளன. தேனீ வந்து இறங்குவதற்கு அதுவே மேடை. மேலே வளைந்து நிற்கும் சூல்தண்டின் நுனியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதிலுள்ள மகரந்தம் தேனீயின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே கிண்ணத்திலிருந்து சூல்முடி வெளிவந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கும்.

சரி, கடலும் மலையும்? கடற்கரை நௌபாக்காவின் கனி வெள்ளை நிறம். சதைக்கு உள்ளே தக்கை போன்ற உறை இருப்பதால் அது கடலில் மாதக்கணக்கில் மிதக்கும், விதையும் கெடாது. மலை நௌபாக்காக்களின் கனிகளோ கருநீலம். அவற்றைத் தின்னும் பறவைகளே விதைகளைப் பரப்புகின்றன. இவை ஒரே செடியிலிருந்து பிரிந்தவையும் அல்ல. நௌபாக்காவின் முன்னோர்கள் மூன்று தனித்தனிப் பயணங்களில் ஹவாய்க்கு வந்ததாக மரபணு ஆய்வு காட்டுகிறது.

மிதக்கும் கனியால் கடற்கரை நௌபாக்கா பசிபிக், இந்தியப் பெருங்கடல் கரைகள் எங்கும் பரவியது. நம் மலேசிய, சிங்கப்பூர்க் கரைகளிலும் அது இயற்கையாகவே வளர்கிறது. மலாய் மொழியில் அம்போங்-அம்போங் என்பார்கள். உப்புக்காற்றைத் தாங்கி, மணல் அரிக்காமல் பிடித்து வைக்கும் காவலன் அது.

இந்தக் குணத்தை நம்பி அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரைகளில் மனிதர்கள் அதை நட்டார்கள். அங்கே அது அடர்ந்து பரவி, கருநிறக் கனி தரும் உள்ளூர்ப் பாதிப் பூச்செடியை நெருக்கித் தள்ளுகிறது. இப்போது அதைப் பிடுங்கி அகற்றுகிறார்கள். பிறந்த மண்ணில் காவலனாக நிற்கும் செடி, அந்நிய மண்ணில் ஆக்கிரமிப்பாளனாக மாறலாம். ஆகவே ஒரு செடியை நடுமுன், ‘இது இந்த இடத்துக்கு உரியதா?’ என்று கேளுங்கள்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், பளபளக்கும் தடித்த இலைகள் கொண்ட இப்புதரைத் தேடுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். இதழ்களை எண்ணினால் போதும்.